செருப்பு முதலில் செருப்புதான்: உழைப்பாளர் வீட்டுக் குழந்தைகளின் கதைகளில் படிமமும் குறியீடும்

‘இந்தக் கதையில் வரும் கிழிந்த செருப்பு வறுமையின் குறியீடு.’ இப்படி ஒரு வரியை எங்கேயாவது படித்திருப்பீர்கள். தேர்வில்கூட எழுதியிருப்பீர்கள், மதிப்பெண்ணும் கிடைத்திருக்கும். எனக்குக் கிடைத்தது. ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் அந்த வரி எதையுமே சொல்லவில்லை. கிழிந்த செருப்பு வறுமையைக் குறிக்கவில்லை. அது வறுமையேதான். காய்ச்சலில் உடம்பு சுட்டால் அதைக் காய்ச்சலின் குறியீடு என்று யாராவது சொல்வார்களா?

கூலி வேலை, ஆலை வேலை, சுரங்க வேலை என்று உடம்பால் உழைத்துச் சம்பாதிக்கும் வீடுகளில் வளர்ந்த குழந்தைகளைப் பற்றிய கதைகளில்தான் இந்தக் குழப்பம் அதிகம். அந்தக் கதைகளில் பொருட்கள் நிறைய வரும்: விளக்கு, சைக்கிள், பாத்திரம், போர்வை. கண்ணில் படுகிற ஒவ்வொன்றுக்கும் ‘இது எதன் குறியீடு’ என்று கேட்டுவிடுகிறோம். படிமம் என்ற சொல்லையும் குறியீடு என்ற சொல்லையும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். அதனால் இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

ஒரு ஊக்கும் மூன்று சொற்களும்

ஒரு பையனின் சட்டையில் பொத்தான் ஒன்று இல்லை என்று கதை சொல்கிறது. சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. இது விவரம். கதைக்குள் ஒரு தகவல் வந்து போனது, அவ்வளவுதான்.

இப்போது கதை இப்படிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம்: பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஊக்கு. வகுப்பில் பதில் சொல்ல எழுந்து நிற்கும்போதெல்லாம் அவன் இடது கை தானாக அந்த ஊக்கை மூடிக்கொள்ளும். இதைப் படித்ததும் பையன் நம் கண்ணில் தெரிகிறான். இதுதான் படிமம்: ஐம்புலன்களில் ஏதோ ஒன்றால் நாம் உணரும்படி சொற்களால் ஆக்கப்பட்ட ஒரு காட்சி. காட்சி என்று சொன்னாலும் அது கண்ணுக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டியதில்லை. இயந்திர எண்ணெயின் வாடையும் படிமம்தான், விடியற்காலையில் ஒலிக்கும் ஆலைச் சங்கும் படிமம்தான்.

கதை இன்னும் நகர்கிறது. பையன் வளர்ந்து வேலைக்குப் போகிறான். எல்லாப் பொத்தான்களும் சரியாக இருக்கும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு மேசைக்கு முன்னால் நிற்கிறான். மேலதிகாரி ஏதோ கேட்கிறார். பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது இடது கை எழுந்து அதே இடத்துக்குப் போகிறது. அங்கே ஊக்கு இல்லை. ஆனாலும் கை மூடுகிறது.

இப்போதுதான் அந்த ஊக்கு குறியீடு ஆகிறது. அது ஊக்காகவே இருந்துகொண்டு, தன்னைவிடப் பெரிய ஒன்றையும் சுமக்கத் தொடங்கிவிட்டது. அந்தப் பெரியது வெட்கமா, பயமா, பழக்கமா என்று ஒற்றைச் சொல்லில் முடிக்க முடியவில்லை பாருங்கள். குறியீட்டின் குணமே அதுதான். ஒரு சொல்லில் முடிகிறது என்றால் அந்தச் சொல்லையே எழுதிவிட்டுப் போயிருக்கலாம்.

சாலையில் இருக்கும் சிவப்பு விளக்கையும் சிலர் குறியீடு என்பார்கள். இங்கே அதை அடையாளம் என்று பிரித்து வைத்துக்கொள்வோம். சிவப்பு என்றால் நில் என்பது நாம் சாலைக்கு வருவதற்கு முன்பே எல்லோரும் பேசி வைத்துக்கொண்டது. கதைக் குறியீட்டுக்கு அப்படி முன் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. வேலை முடிந்து வரும் அப்பா சைக்கிளை எப்படி ஸ்டாண்டு போடுகிறார் என்ற சத்தத்தை வைத்தே இன்று அவரிடம் பேசலாமா வேண்டாமா என்று பிள்ளைகள் முடிவு செய்வார்கள். அதை அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. நூறு சாயங்காலம் கேட்டுத் தெரிந்துகொண்டது. நல்ல கதை வாசகரை அப்படித்தான் பழக்குகிறது.

சரி, இதுவரை வந்தது இவ்வளவுதான். விவரம் தகவல் சொல்லும். படிமம் உணர வைக்கும். குறியீடு கதைக்குள் திரும்பத் திரும்ப வந்து, சூழல் மாற மாற அர்த்தம் சேர்த்துக்கொள்ளும். முன்கூட்டியே தீர்மானித்து வைத்தது அடையாளம்.

குறியீடு ஆகாமலே நிற்கும் படிமம்

எல்லாப் படிமமும் வளர்ந்து குறியீடு ஆக வேண்டும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. தேவையே இல்லை. விட்டோரியோ டி சிகா இயக்கி 1948-இல் வந்த ‘சைக்கிள் திருடர்கள்’ என்ற இத்தாலியப் படத்தில் ஒரு காட்சி. அப்பாவுக்கு சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைத்திருக்கிறது. வேலைக்குச் சைக்கிள் கட்டாயம் வேண்டும். சைக்கிளோ அடகில் கிடக்கிறது. அம்மா கட்டிலில் விரித்திருக்கும் விரிப்புகளை உருவி, மூட்டை கட்டி அடகுக்குக் கொண்டுபோகிறாள். அங்கே வேலை செய்பவர் அந்த மூட்டையை வைக்க அலமாரியில் ஏறுகிறார். ஏறுகிறார், ஏறுகிறார், உயரமான அந்த அலமாரி முழுவதும் அதே மாதிரி மூட்டைகள்.

யாரும் எதுவும் பேசுவதில்லை. எத்தனை வீடுகளில் இன்று ராத்திரி விரிப்பில்லாமல் படுப்பார்கள் என்று நாமே எண்ணிக்கொள்கிறோம். அந்த மூட்டைகள் கதையில் திரும்ப வருவதில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. ஒரே பார்வையில் ஒரு வீட்டுக் கதை ஊர்க் கதை ஆகிவிட்டது. படிமத்தின் வேலை அதோடு முடிந்தது.

அதே படத்தில் பையன் புரூனோ, மீட்டு வந்த சைக்கிளைக் காலையில் துடைக்கும்போது ஒரு நசுங்கலைக் கண்டுபிடிக்கிறான். ‘ஏன் அவர்களிடம் சொல்லவில்லை’ என்று அப்பாவைக் கேட்கிறான். எனக்கு அந்த விரிப்பு மூட்டைகளைவிட இந்த நசுங்கல்தான் அதிகம் நினைவில் இருக்கிறது. அடகுக் கடையில் நின்று நியாயம் கேட்க முடியாது என்பது அப்பாவுக்குத் தெரியும், பிள்ளைக்கு இன்னும் தெரியாது. அந்த இடைவெளியை ஒரு சின்ன நசுங்கல் காட்டிவிடுகிறது.

ஒரு ஜோடி செருப்பு குறியீடு ஆவது எப்படி

இப்போது செருப்புக்குத் திரும்பலாம். மஜீத் மஜீதியின் ‘சொர்க்கத்தின் குழந்தைகள்’ என்ற ஈரானியப் படம் 1997-இல் வந்தது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். குறியீடு உருவாகும் ஒவ்வொரு படியும் இதில் வெளிச்சமாகத் தெரிகிறது.

அலி என்ற பையன் தங்கை ஸஹ்ராவின் காலணியைத் தைக்கக் கொடுத்து, வாங்கிவரும் வழியில் தொலைத்துவிடுகிறான். வீட்டில் சொல்ல முடியாது, புதிது வாங்க அப்பாவிடம் பணம் இல்லை என்று இருவருக்கும் தெரியும். பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே, வீட்டுப்பாடம் எழுதுவதுபோல நோட்டில் எழுதி எழுதிக் காட்டி ஒப்பந்தம் போடுகிறார்கள். காலையில் அவள் பள்ளிக்கு அலியின் காலணியைப் போட்டுக்கொண்டு போவாள். விட்டதும் ஓடி வந்து சந்தில் கழற்றிக் கொடுப்பாள். அவன் மாட்டிக்கொண்டு தன் பள்ளிக்கு ஓடுவான்.

இந்த இடம் வரை காலணி காலணிதான். அதற்கு அளவு இருக்கிறது: அவளுக்குப் பெரிது, அதனால் கழன்று சாக்கடை வாய்க்காலில் விழுந்து மிதந்து போகிறது. அதற்கு நேரம் இருக்கிறது: அவள் தாமதித்தால் அவனுக்குப் பள்ளியில் திட்டு விழும். கதையின் கட்டுமானமே அந்தக் காலணியின் நடைமுறைச் சிக்கல்தான்.

அப்புறம் ஒரு நாள் தன் பழைய காலணியை வேறொரு சிறுமியின் காலில் ஸஹ்ரா பார்த்துவிடுகிறாள். அண்ணனும் தங்கையும் அந்தச் சிறுமியின் வீடு வரை பின்தொடர்கிறார்கள். அவளுடைய அப்பாவுக்குக் கண் தெரியாது. அதைப் பார்த்ததும் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். காலணி அதே காலணிதான், ஆனால் இப்போது அதைத் திருப்பிக் கேட்க முடியாது. கேட்க முடியாத அந்தத் தயக்கமும் காலணிமேல் ஏறிக்கொள்கிறது.

கடைசியில் ஒரு ஓட்டப்பந்தயம். மூன்றாம் பரிசு ஒரு ஜோடி காலணி. அலி மூன்றாவதாக வர வேண்டும் என்று கணக்குப் போட்டு ஓடுகிறான். தள்ளுமுள்ளில் முதலாவதாக வந்துவிடுகிறான். எல்லோரும் அவனைத் தூக்கிக் கொண்டாடும்போது அவன் அழுகிறான். முதலாவதாக வருவதே தோல்வி ஆகிற அளவுக்கு அந்தக் காலணிக்குள் அத்தனை அர்த்தமும் வந்து சேர்ந்திருக்கிறது. ‘காலணி வறுமையின் குறியீடு’ என்று எழுதினால் இதில் எதுவுமே கையில் வராது.

அது செய்த வேலையைத் திரும்பிப் பாருங்கள். முதலில் பயன்பட்டது. பிறகு பகிரப்பட்டது. பிறகு வேறொருவர் கைக்கு மாறியது. பிறகு ஆசையாக ஆனது. ஜோடி மாறினாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் பொருள் காலணியாகவே இருக்க, அதைச் சுற்றியுள்ள உறவு மாறியது. குறியீட்டின் இயக்கம் இதுதான்.

ஏன் இந்த வீடுகளில் மட்டும் பொருட்கள் இவ்வளவு பேசுகின்றன?

பத்து விளக்கு எரிகிற வீட்டைப் பற்றி எழுதும்போது ஒரு விளக்கை நாம் கவனிக்க வேண்டுமென்றால் எழுத்தாளர் மெனக்கெட வேண்டும். ஒரே விளக்கு உள்ள வீட்டில் அந்தச் சிரமம் இல்லை. சாயங்காலத்துக்குப் பிறகு நடக்கிற எல்லாமே அதன் அடியில்தான் நடக்கும். யார் பக்கத்தில் உட்கார்வது, படிக்கிறவரா தைக்கிறவரா என்ற தகராறு அங்கேதான். எண்ணெய் தீர்ந்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ராத்திரி. எழுத்தாளர் முயற்சி செய்யாவிட்டாலும் விளக்கு கதையில் திரும்பத் திரும்ப வந்தே தீரும். பொருள் குறைவாக இருக்கும் வீட்டில் ஒவ்வொன்றும் பல கை மாறும், பல முறை ஒட்டுப்போடப்படும். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு தேதி இருக்கும், ஒரு சண்டை இருக்கும்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. உழைப்பாளர் வீட்டுப் பிள்ளை பெரும்பாலும் அப்பாவின் வேலை இடத்தைப் பார்த்திருக்காது. ஆலையிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்வது மட்டும்தான் அதற்குத் தெரியும்: தலைமுடியில் பஞ்சு, நகக்கண்ணில் போகாத கறுப்பு, ஒரு நாள் கட்டுப்போட்ட விரல். இந்தத் துண்டுகளை வைத்தே பிள்ளை முழு ஆலையையும் மனதுக்குள் கட்டிக்கொள்கிறது.

முழுமைக்குப் பதிலாகத் துண்டு வந்து நிற்கும் இந்த ஏற்பாட்டைத் தமிழ் இலக்கணம் ஆகுபெயருக்குள் வைக்கிறது. ஒன்றின் பெயர் அதோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகி வருவது ஆகுபெயர். ‘ஊர் சிரித்தது’ என்றால் சிரித்தது ஊரில் இருக்கும் மனிதர்கள். கிழிந்த செருப்பைப் பார்த்து வறுமை என்கிறோமே, அது குறியீட்டைவிட ஆகுபெயருக்குத்தான் பக்கம். பாதி விமர்சனங்கள் இதைத்தான் குறியீடு என்று அழைத்துக்கொண்டிருக்கின்றன.

பொருட்கள் வழியாக மனதைச் சொல்வது நமக்குப் புதிதும் இல்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய உணவு, மரம், விலங்கு, பறவை, பறை, தொழில் எல்லாவற்றையும் கருப்பொருள் என்று பெயரிட்டுத் தொகுக்கிறது. அந்தப் பட்டியலில் தொழிலும் இருப்பதைக் கவனியுங்கள். கருப்பொருளைச் சொல்லிக்கொண்டே வேறொன்றை மறைவாக உணர்த்துவதற்கு உள்ளுறை என்று பெயர். குறுந்தொகையின் 8-ஆம் பாட்டில் வயலோர மாமரத்திலிருந்து தானாக விழும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்கிறது. தலைவன் தானாகவே வந்து என்னிடம் விழுந்தான், நானாகத் தேடிப் போகவில்லை என்று பாட்டில் பேசும் பரத்தை சொல்வதே அதற்குள் இருக்கும் பேச்சு. ஆனால் மாம்பழம் அங்கே முதலில் மாம்பழம். வாளை உண்மையாகவே பசித்த வாளை. இந்த ஒழுங்கு இரண்டாயிரம் வருஷப் பழக்கம், நாம்தான் இடையில் மறந்துவிட்டு ‘எதன் குறியீடு’ என்று அகராதி தேடுகிறோம்.

இரண்டு வயது, ஒரே கண்

குழந்தைப் பருவக் கதையில் பேசுவது பெரும்பாலும் ஒருவர்தான், ஆனால் அவருக்கு இரண்டு வயது. எட்டு வயதில் பார்த்ததை நாற்பது வயதில் எழுதுகிறார். எட்டு வயதுக்குப் பொருள் தெரியும், அர்த்தம் தெரியாது. நாற்பதுக்கு அர்த்தம் தெரியும், ஆனால் பொருள் கையில் இல்லை. யார் கண் வழியாக, எந்தத் தொலைவிலிருந்து கதை பார்க்கப்படுகிறது என்பதைப் பார்வைக்கோணம் என்கிறோம். இந்த வகைக் கதைகளில் குறியீடு பிறப்பது இந்த இரண்டு கோணங்களும் உரசும் இடத்தில்.

சார்லஸ் டிக்கன்ஸின் வாழ்க்கையிலேயே இதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. 1824-இல், அவருக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, லண்டனில் ஆற்றோரத்தில் இருந்த ஒரு காலணிப் பாலிஷ் கிடங்கில் வேலைக்குப் போனார். அப்பா கடனுக்காகச் சிறைக்குப் போனார். பாலிஷ் குப்பிகளை மூடிக் கட்டி அவற்றின்மேல் லேபிள் ஒட்டுவது அவர் வேலை. இதை வாழ்நாள் முழுவதும் மறைத்தே வைத்திருந்தார். நெருங்கிய நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம் எழுதிக் கொடுத்தது, டிக்கன்ஸ் 1870-இல் இறந்த பிறகு ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் வெளியே வந்தது.

ஆனால் ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவலில் அந்தக் கிடங்கை வேறு வேடம் போட்டு உள்ளே கொண்டுவந்திருந்தார். பாலிஷ் குப்பிகள் நாவலில் ஒயின் பாட்டில்கள் ஆகிவிட்டன. மாறாதவை எவை என்று பாருங்கள்: லேபிள் ஒட்டும் வேலை, உளுத்துப்போன தரை, அடித்தளத்தில் ஓடும் நரைத்த எலிகள். வெட்கப்பட்ட பெரியவர் குப்பியை மாற்றிவிட்டார். உள்ளே இருந்த பையன் எலிகளை விடவில்லை.

ஆக, பிள்ளை பொருளைத் தருகிறது, பெரியவர் தொலைவைத் தருகிறார். பெரியவர் அதிகம் பேசினால் கதை பிரசங்கம் ஆகும். பிள்ளை மட்டுமே பேசினால் வெறும் பட்டியல்.

வழக்கமாக எங்கே சறுக்குகிறது

முதல் சறுக்கல் அகராதி. பறவை என்றால் விடுதலை, மழை என்றால் சோகம். பாரி ஹைன்ஸ் 1968-இல் எழுதிய நாவலில் சுரங்க ஊர்ப் பையன் பில்லி, கெஸ்ட்ரல் என்ற சிறு வல்லூறு ஒன்றைப் பழக்குகிறான். அடுத்த வருஷமே கென் லோச் அதை ‘கெஸ்’ என்று படமாக்கினார். ‘பறவை அவனுடைய விடுதலை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் கதையில் அந்தப் பறவையின் காலில் வார் கட்டியிருக்கிறது. வல்லூறைப் பழக்குவதே அதன் பசியை அளந்து வைத்துத்தான். பறந்துபோகும் வழி இருந்தும் அது அவன் கைக்குத் திரும்பி வருவது இறைச்சித் துண்டுக்காக. அதை வளர்ப்புப் பிராணி என்று யாராவது சொன்னால் பில்லிக்குப் பிடிக்காது, வல்லூறு யாருக்கும் அடங்காது என்பான். விடுதலையும் பட்டினியும் கட்டுப்பாடும் மரியாதையும் ஒரே பறவையில் இருக்கின்றன. அகராதிக்கு அது அடங்குமா?

இரண்டாவது சறுக்கல் இரக்கம். வாசகரை அழ வைப்பதற்கென்றே அடுக்கப்பட்ட பொருட்கள் சீக்கிரம் தெரிந்துவிடும். ஒழுகும் கூரை, இருமும் பாட்டி, கிழிந்த பை என்று எல்லாம் ஒரே பத்தியில் வரிசையாக நிற்கும். எந்தப் பிள்ளையும் தன் வீட்டை அப்படிப் பார்ப்பதில்லை. கூரை ஒழுகினால் எந்தப் பாத்திரத்தில் விழும் துளிக்கு எந்தச் சத்தம் என்று கேட்டு விளையாடும். அந்த விளையாட்டை எழுதுகிறவர்தான் கூரையையும் எழுதியவர் ஆகிறார். பசியை எதற்காவது உருவகமாக்குவதும் இதே ரகம்தான். பசித்த பிள்ளையிடம் பசி எதைக் குறிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

சறுக்காமல் நின்றதற்கு ஒரு உதாரணம் வேண்டுமென்றால் பாமாவின் ‘கருக்கு’. 1992-இல் வந்த தன்வரலாறு. பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பப் பல் மாதிரி இருக்குமே, அதுதான் கருக்கு. தலைப்பைப் பார்த்ததும் ‘இருபுறமும் அறுக்கும் சமூகத்தின் குறியீடு’ என்று எழுதிவிடத் தோன்றும், அது தப்பும் இல்லை. ஆனால் விறகு பொறுக்கப் போன நாட்களில் கீழே கிடந்த கருக்கை எடுத்து விளையாடித் தோலைக் கீறிக்கொண்டதைப் பாமா முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். அதுவே பிறகு புத்தகத்தின் கருவாகவும் குறியீடாகவும் ஆனதாம். வரிசையைக் கவனியுங்கள். முதலில் விறகு, பிறகு கீறல், கடைசியில்தான் தலைப்பு.

நீங்களே சோதித்துப் பார்க்க

படிக்கும்போது ஒரு பொருள் குறியீடா இல்லையா என்று சந்தேகம் வந்தால் நான் செய்வது இதுதான். அந்தப் பொருளைக் கதையிலிருந்து எடுத்துவிட்டு அதே வேலையைச் செய்யும் வேறொன்றை வைத்துப் பார்ப்பேன். கதை குலையாமல் நின்றால் அது விவரம். ஒரு காட்சி மட்டும் மங்கினால் படிமம். முன்னால் வந்த காட்சிகளும் பின்னால் வருபவையும் சேர்ந்து ஆடிப்போனால், அதுதான் குறியீடு. எழுதுகிறவர்களுக்கும் இதே சோதனைதான், கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும்: பொருளின் எடை, அளவு, விலை, யார் கடைசியாகத் தொட்டார்கள் என்பது தெரியாமல் அதற்கு அர்த்தம் ஏற்றாதீர்கள்.

இந்தச் சோதனைக்கு எளிதில் பிடிபடாத இடங்களும் உண்டு. அந்த ஈரானியப் படத்தின் முடிவில், பந்தயத்தில் நைந்துபோன காலணியைக் கழற்றிவிட்டு, கொப்புளம் போட்ட கால்களை முற்றத்துத் தொட்டித் தண்ணீரில் விடுகிறான் அலி. அப்பா புதுக் காலணி வாங்கிவிட்டார் என்பது நமக்குத் தெரியும், அவனுக்கு இன்னும் தெரியாது. தங்க நிற மீன்கள் ஒவ்வொன்றாக வந்து அவன் கால்களைச் சுற்றுகின்றன. அந்த மீன்கள் ஆறுதலா, அருளா, பரிசா என்று பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் தீரவில்லை. தண்ணீர் குளிர்ந்திருக்கிறது, அவனுக்குக் கால் எரிகிறது.